31 சதவீதத்தில் நின்ற வண்டி: என் மின்சார கார் பேட்டரி வாரண்டியில் மாறிய கதை

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் ஒரு காதுகுத்து முடித்துவிட்டுத் திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டரை மணி, நல்ல வெயில். கோவில்பட்டி தாண்டிக் கயத்தாறு பக்கம் வரும்போது திரையில் 31 சதவீதம் சார்ஜ் காட்டியது. வீட்டுக்கு இன்னும் 28 கிலோமீட்டர்தான், தாராளமாகப் போய்விடலாம். முன்னால் போன லாரியை முந்துவதற்காகக் கொஞ்சம் அழுத்தினேன். 31 இருந்த இடத்தில் 17 வந்தது. என்னடா இது என்று பார்ப்பதற்குள் 6. அப்புறம் மஞ்சள் நிறத்தில், வேகம் குறைக்கப்பட்டுவிட்டது என்று எச்சரிக்கும் ஆமைப் படம் எரிய, வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏறவே இல்லை. ஓரம் கட்டி நிறுத்தினேன். அதற்குப் பிறகு அது நகரவில்லை.

பின் சீட்டில் மாமனாரும் இரண்டு பிள்ளைகளும். ஏசி இல்லை. சாலைக்கு இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. "கரண்டு அங்கன ஓடுது, நம்ம வண்டியில இல்லையே மாப்ள" என்று மாமனார் வருத்தமாகச் சொன்னார். என் மனைவி ஒன்றும் பேசாமல் பிள்ளைகளைப் புளியமர நிழலுக்குக் கூட்டிப் போனார்.

அந்த நாளிலிருந்து புது பேட்டரியோடு வண்டி வீட்டுக்கு வந்த ஆகஸ்ட் 2 வரைக்கும் இரண்டரை மாதம். நடந்ததை எழுதிவைத்தால் இதே நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. பெயரைக் கெடுப்பது என் நோக்கமில்லை, தவிர வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது.

முதலில் ஒன்று. வண்டி நின்றதும் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் ஓடிவந்து உதவினார்கள், நல்ல மனிதர்கள். கயிறு கட்டி வேனில் இழுத்துப் போய்விடலாம் என்றார்கள். மின்சார வண்டியை அப்படி இழுக்கக் கூடாது. மோட்டாருக்குள் நிரந்தர காந்தம் இருக்கிறது, சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், சுற்றினால் மின்சாரம் உண்டாகும், அது போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸைக் கெடுக்கலாம். நாலு சக்கரமும் தரையைத் தொடாமல் மேலே ஏற்றிப் போகும் தட்டு வண்டிதான் வேண்டும். வாரண்டி புத்தகத்திலும் இது தெளிவாக இருக்கிறது. கயிறு கட்டி இழுத்திருந்தால், பிற்பாடு அதையே காரணம் காட்டிக் கைகழுவியிருப்பார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்துதான் ஏற்றினோம், அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

வண்டி 2021 அக்டோபரில் வாங்கியது. நின்றபோது 71,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பேட்டரிக்கு வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. அதனால் வாரண்டி இருக்கிறது, மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

திருநெல்வேலி சர்வீஸ் சென்டரில் அட்வைசர் தம்பி ஜாப் கார்டில், அதாவது நம் புகாரைப் பதியும் தாளில், எழுதியது இரண்டே சொல்: "ரேஞ்ச் குறைவு". நான் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். இந்தப் பதிவில் வேறெதையும் ஞாபகம் வைக்காவிட்டாலும் இந்த இடத்தை ஞாபகம் வையுங்கள்.

ரேஞ்ச் என்றால் ஒரு தடவை முழுசாக ஏற்றினால் ஓடும் தூரம். அது குறைவது வேறு, எனக்கு நடந்தது வேறு. எல்லா லித்தியம் பேட்டரியும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொள்ளளவு இழக்கும். புதிதில் 220 ஓடியது நாலு வருஷத்தில் 200 ஓடுகிறது என்றால் அது தேய்மானம். அதைக் கம்பெனி குறைபாடு என்று ஒத்துக்கொள்ளாது. பல கம்பெனிகள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன, ஆரோக்கிய அளவு, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம் இருப்பது, 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மாற்றுவோம் என்று. ஆகவே ஜாப் கார்டில் "ரேஞ்ச் குறைவு" என்று ஏறிவிட்டால், அளந்து பார்ப்பார்கள், 90 சதவீதம் இருக்கிறது, கோட்டுக்கு மேலே இருக்கிறது, போய் வாருங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது அந்தச் சொல்லுக்குச் சரியாகவும் இருக்கும். எனக்கு நடந்ததோ, ஓடும்போது திடீரென்று சார்ஜ் சரிந்து நெடுஞ்சாலையில் வண்டி நின்றது. இது பழுது, அதுவும் உயிரோடு விளையாடுகிற பழுது. பின்னால் வந்த லாரிக்காரர் கவனித்துவிட்டார், நாங்கள் பிழைத்தோம்.

"தம்பி, நான் சொல்லுறத அப்படியே எழுதுங்க" என்று சொல்லி எழுத வைத்தேன்: "31 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு நிமிடத்துக்குள் 0 ஆகி வண்டி நின்றது. திரையின் படம் இணைக்கப்பட்டுள்ளது." அவர் முகம் சுருங்கியது. "அண்ணாச்சி, சிஸ்டத்துல இவ்வளவு டைப் பண்ண இடம் இருக்காது" என்றார். இடம் இருந்தது. ஜாப் கார்டின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

முதல் தடவை சாப்ட்வேர் அப்டேட் போட்டு, மெதுவான சார்ஜரில் நூறு வரை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மே 22 அன்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வண்டியில் இருப்பது எல்எஃப்பி வகை, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். பேட்டரி என்பது பல செல்களைக் கோத்த ஒன்று. இந்த வகை செல்லின் வோல்டேஜ் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், 3.3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதனால் வோல்டேஜை மட்டும் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் சொல்ல முடியாது. உள்ளே போன மின்சாரம், வெளியே வந்த மின்சாரம் என்று கணக்கு எழுதிக்கொண்டே வரும், அந்தக் கணக்கு நாள்பட நாள்பட வழுக்கும். நூறு வரைக்கும் மெதுவாக ஏற்றும்போதுதான் அது நேராகும். இந்த வகை பேட்டரியை அவ்வப்போது முழுசாக ஏற்றச் சொல்வதும் இதனால்தான். வெறும் கணக்குப் பிழையாக இருந்தால் இதிலேயே சரியாகியிருக்கும்.

சரியாகவில்லை. மே 31 அன்று தூத்துக்குடி போய்த் திரும்பும்போது 28 இருந்து 9. இந்த முறை நிற்கவில்லை, ஆமைப் படத்தோடு ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். மனைவி பக்கத்திலிருந்து போனில் முழுவதையும் வீடியோ எடுத்துவிட்டார். தேதி, நேரம், திரை, அவர் குரலில் "இருபத்தெட்டு... இருபத்தொண்ணு... பதினாலு" என்று எண்ணுவது, எல்லாம் அதில் இருக்கிறது. பிற்பாடு என் வாதத்தை விட அந்த நாற்பது விநாடி வீடியோதான் வேலை செய்தது.

இரண்டாவது ஜாப் கார்டு. பேட்டரியைத் திறந்து பார்க்கப் பயிற்சி பெற்றவர் இங்கே இல்லை, மதுரைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். ஜூன் 5 அன்று தட்டு வண்டியில் மதுரை. அதன் செலவைக் கம்பெனியே ஏற்றது, நான் கேட்ட பிறகு.

மதுரையில் அந்த டெக்னீசியன் தம்பியைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும், வேலை தெரிந்த பையன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்து, "வாங்கண்ணே, நீங்களே பாருங்க" என்றார். திரை முழுக்க வரிசை வரிசையாக எண்கள், ஒவ்வொரு செல்லுக்கும் ஒன்று. 3.28, 3.28, 3.27, 3.28 என்று போய்க்கொண்டே இருக்க, நடுவில் ஓர் இடத்தில் 2.94. ஏசியைப் போட்டு, ஹீட்டரையும் போட்டு, கொஞ்சம் சுமை கொடுத்தார். மற்றவை எல்லாம் அசையவில்லை. அந்த ஒன்று மட்டும் 2.94, 2.86, 2.79 என்று கண்முன்னால் இறங்கியது. நூறு செல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற பேட்டரியில் ஒரே ஒரு செல்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்து தேர் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? இழுக்க ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள், ஆளுக்குக் குறைவில்லை, வடம் ஓரிடத்தில் அறுந்தால் தேர் நகராது. பேட்டரிக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகக் கோத்திருக்கின்றன, ஒரே மின்சாரம் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. ஒரு செல் மட்டும் மெலிந்துவிட்டால், மற்றவற்றில் முப்பது சதவீதம் மிச்சம் இருக்கும்போதே அது காலியாகிவிடும். எல்எஃப்பி செல்லை ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் அது நிரந்தரமாகக் கெடும், ஆபத்தும்கூட. அதனால் பேட்டரியைக் கண்காணிக்கிற பிஎம்எஸ், மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது. கயத்தாறில் லாரியை முந்த அழுத்தியபோது நடந்தது இதுதான். வண்டி தப்பு செய்யவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எடுத்துக்கோங்கண்ணே, ஒங்க வண்டிதான" என்றார். எடுத்தேன்.

ரிப்போர்ட் கம்பெனிக்குப் போனது. நாலு நாள் கழித்து அங்கிருந்து வந்த கேள்வியில்தான் நான் உண்மையிலேயே பயந்துபோனேன். "2023 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி தண்ணீரில் நின்றதா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை அப்படி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். திருநெல்வேலிப் பதிவெண் பார்த்ததும் கேட்கத்தான் செய்வார்கள். இந்த பேட்டரிகளுக்கு ஐபி67 தரம் என்று சொல்கிறார்கள், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். இரண்டு நாள் நின்றால் தாங்கும் என்று அர்த்தமில்லை. வெள்ளத்தால் வந்த சேதம் வாரண்டியில் வராது, அது இன்சூரன்ஸ் விஷயம்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் மேட்டுப் பகுதி, தெருவில் கணுக்கால் அளவுதான் வந்தது. அதுவும் முன்தினமே வண்டியை எடுத்துப்போய்ப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் உயரமான முன்வாசலில் நிறுத்திவிட்டேன். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்கப் பழைய போன், கூகுள் போட்டோஸ் என்று தேடினோம். என் மகள்தான் கண்டுபிடித்தாள். 18ஆம் தேதி காலையில் மண்டப வாசலில் அவள் குடையோடு நிற்கும் படம், பின்னால் எங்கள் வண்டி, டயர் அடிப்பாகம் வரைக்கும் தெளிவாக, தரை ஈரம் மட்டும். தேதியும் இடமும் படத்தோடு பதிவாகியிருந்தது. அதை அனுப்பினேன். கூடவே 2024 ஜனவரி சர்வீஸ் பில்லையும் அனுப்பினேன், அதில் அடிப்பாகச் சோதனையில் குறை எதுவும் இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

அதே நாளில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண் வாங்கி, கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அந்த எண்ணையும் போட்டேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தேதி, ஜாப் கார்டு எண், திரைப் படம், செல் வோல்டேஜ் படம், வீடியோ, வெள்ளத்தன்று எடுத்த படம், இவ்வளவுதான். அதற்கு மேலும் இழுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்று முடிவு செய்து வைத்திருந்தேன். பலரும் அதற்குப் பெரிய செலவாகும் என்று நினைக்கிறார்கள். 2019 சட்டப்படி, கொடுத்த விலை 10 முதல் 20 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் 400 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. எனக்கு அந்தத் தேவை வரவில்லை. ஜூன் 20 அன்று ஒப்புதல் வந்தது: முழு பேட்டரியும் மாற்றம், கட்டணம் இல்லை.

அப்புறம் காத்திருப்பு, 41 நாள். இதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பிள்ளைகளை ஸ்கூட்டரில் இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டோம், மாமனாரை மாதாந்திரச் சோதனைக்கு வாடகை டாக்சியில் கூட்டிப் போனோம், வண்டிக் கடன் தவணை மட்டும் மாதா மாதம் 5ஆம் தேதி தவறாமல் போனது. மாற்று வண்டி கேட்டேன், வாரண்டியில் அதற்கு இடமில்லை என்றார்கள். புத்தகத்தில் தேடினேன், உண்மைதான், ஒரு வரிகூட இல்லை. எட்டு வருஷ வாரண்டி என்று பெரிதாக விளம்பரம் செய்கிறவர்கள், எத்தனை நாளில் மாற்றித் தருவோம் என்று எங்கேயும் சொல்வதில்லை. வாங்கும்போது யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. இந்த நாட்டில் மின்சார வண்டி பெருக வேண்டும் என்று மனதார நினைக்கிறவன் நான். அதனாலேயே இது எனக்கு வலிக்கிறது. ஒரு குடும்பம் ஒன்றரை மாதம் வண்டியில்லாமல் இருந்தால், பார்க்கிற பத்துப் பேர் பெட்ரோல் வண்டியே போதும் என்று முடிவு செய்வார்கள்.

ஜூலை 31 அன்று மதுரை டெக்னீசியன் தம்பி போன் செய்தார். "அண்ணே, பெட்டி வந்துருச்சு."

ஆகஸ்ட் 2 காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரை போனேன், மாற்றுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று. மரப்பெட்டி, கட்டில் அளவு இருந்தது. பக்கவாட்டில் கறுப்புக் கோடு போட்ட சாய்சதுர முத்திரை, அடியில் 9 என்ற எண், பக்கத்தில் யூஎன் 3480. லித்தியம் பேட்டரியை அபாயகரமான சரக்கு என்ற கணக்கில்தான் அனுப்ப வேண்டுமாம், சாதாரண பார்சல் லாரியில் ஏற்ற முடியாது. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று அவர் சொன்னார்.

வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள். தம்பி முதலில் சிறிய 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றினார். பிறகு தடித்த ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை. போடுவதற்கு முன் ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, காதருகே பிடித்து அழுத்திப் பார்த்தார், எங்காவது ஊசித் துளை இருந்தால் காற்று வெளியேறும் சத்தம் கேட்குமாம். 320 வோல்ட் நேர்மின்சாரம், ஒரு துளை போதும் ஆளைக் கொல்ல. பெரிய பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்று. சில நிமிடம் சும்மா நின்றார். மீட்டரை வைத்து அளந்து, பூஜ்யம் என்று இரண்டு தடவை உறுதி செய்த பிறகுதான் ஆரஞ்சு கேபிள்களைத் தொட்டார். அவசரப்படாத அந்தக் கைகளைப் பார்த்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

கூலண்டை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, அடியில் வைத்த மேசையில் பழைய பேட்டரியை இறக்கினார்கள். ஏறக்குறைய கால் டன் எடை. மேல்பக்கம் நாலு வருஷப் புழுதி, சீல் ஓரத்தில் ஈரத்தின் தடமே இல்லை. "பாருங்கண்ணே, காஞ்சு கெடக்கு. தண்ணி போகவேயில்ல" என்று சொல்லி அதையும் அவரே படம் எடுத்து ரிப்போர்ட்டில் சேர்த்தார். புது பேட்டரியை ஏற்றி, டார்க் ரெஞ்ச்சால் ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி, பெயின்ட் பேனாவால் அடையாளம் போட்டு, கூலண்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, புது சீரியல் எண்ணை வண்டிக்குள் பதிந்து முடிக்கச் சாயங்காலம் மூன்றரை ஆனது.

வாரண்டி இல்லாவிட்டால் என்ன செலவாகியிருக்கும் என்று அட்வைசரிடம் கேட்டேன். "ஏழு லட்சத்துக்குக் கொறையாது சார்." கையில் கொடுத்த பில்லில் மொத்தத் தொகை 0.00.

அந்த பில்லில் மூன்று விஷயங்களை எழுத வைத்துத்தான் வாங்கினேன். ஒன்று, புது பேட்டரியின் சீரியல் எண். அடுத்தது, அது புதியதா புதுப்பிக்கப்பட்டதா என்பது. வாரண்டி புத்தகம் இரண்டையும் அனுமதிக்கிறது, எனக்கு வந்தது புதியது, லேபிளில் 2025 மார்ச் என்று இருந்தது. கடைசியாக வாரண்டிக் காலம். இது பலருக்குத் தெரியாது: பேட்டரி புதிது என்பதற்காக எட்டு வருஷம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காது. பழையதில் மிச்சம் இருந்த காலம்தான், எனக்கு 2029 அக்டோபர் வரை.

பழையது என்ன ஆகும் என்று கேட்டேன். அதே மரப்பெட்டியில் வைத்துக் கம்பெனிக்கே திரும்புகிறது. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, காலாவதியான பேட்டரிக்குத் தயாரித்தவர்தான் பொறுப்பு. ஒரு செல் போனதால் மற்ற செல்கள் எல்லாம் குப்பைக்குப் போகக் கூடாது என்பது என் ஆசை. "பிரிச்சு, நல்லதை வேற எதுக்காவது எடுத்துக்குவாங்கண்ணே" என்றார் தம்பி. அப்படித்தான் நடக்கும் என்று நம்புகிறேன்.

நூறு வரை ஏற்றி முடித்து மதுரையை விட்டுக் கிளம்பும்போது இரவு எட்டு மணி. மறுநாள் ஆடிப்பெருக்கு, வழியெல்லாம் கூட்டம். விருதுநகரில் காபி, கோவில்பட்டியில் மாமியாருக்குப் பிடிக்கும் என்று கடலை மிட்டாய். கயத்தாறு வந்ததும் என்னை அறியாமல் வேகத்தைக் குறைத்தேன். ஆடிக்காற்றில் காற்றாலைகள் சிவப்பு விளக்கோடு வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. திரையில் 36. முன்னால் ஒரு லாரி. அழுத்தினேன். 36.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது 22. மனைவி கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளே எட்டித் திரையைத்தான் பார்த்தார்.